கைக்குத் தொழில், தொழிலுக்குச் சங்கம்

உழைப்பவர்க்குச் சாதி இல்லை என்று மே நாள் மேடைகளில் ஆண்டுதோறும் முழங்குகிறோம். அது நம் விருப்பம். நாட்டு நிலவரம் வேறாக இருக்கிறது. எந்த ஆலைக்குள்ளும் போய்ப் பாருங்கள். இயந்திரத்தை இயக்குபவர் யார், அதற்குக் கீழே தரையைத் துடைப்பவர் யார், நிரந்தரப் பட்டியலில் இருப்பவர் யார், ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டும் பெயர் இருப்பவர் யார் என்று கணக்கெடுத்தால், ஊரின் தெருக்கள் பிரிந்திருக்கும் அதே ஒழுங்கில் ஆலையின் பிரிவுகளும் பிரிந்திருப்பதைப் பார்க்கலாம். இந்தக் கணக்கைத் தொழிற்சங்கங்கள் எடுப்பதில்லை. எடுத்தால் ஒற்றுமை குலைந்துவிடும் என்கிறார்கள். எடுக்காததால்தான் ஒற்றுமை ஏற்படவே இல்லை என்பது நம் வாதம்.

புரட்சியாளர் அம்பேத்கர் இந்தக் கணக்கை எடுத்தார். பம்பாய் நூற்பாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அந்தப் பிரிவுக்குள் தீண்டப்படாதோர் நுழைய முடியாது. காரணம் அவர்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல. தறியில் ஓடும் நாடாவுக்குப் புதிய நூல் கோக்கும்போது அதை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைப்பதா என்று மறுத்தவர்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். முதலாளிக்கு இதில் நட்டம் ஏதுமில்லை. தடுப்புச் சுவரை எழுப்பியவர்கள் தொழிலாளர்கள். அதன் நிழலில் குளிர்காய்ந்தவர் முதலாளி. 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவை எங்களுக்கும் திறந்துவிடு என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்று அம்பேத்கர் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் வற்புறுத்தினார். அவர்கள் மனமுவந்து அதைச் செய்யவில்லை.

பத்தாண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அவர் ரயில்வேயின் கணக்கைப் பிரித்து வைத்தார். தீண்டப்படாதவர் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறார். போர்ட்டர் வேலைகூட அவருக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர் என்பவர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியவர். அதிகாரியின் வீட்டுக்குள் இவர் நுழைய முடியாது. பணிமனையிலோ கூலியாக இருக்கலாம். மெக்கானிக்காகவோ ஃபோர்மேனாகவோ ஆக முடியாது. பார்ப்பனியம், முதலாளியம் ஆகிய இரண்டையும் தொழிலாளர்களின் எதிரிகளாக அவர் அறிவித்தது அந்த மாநாட்டில்தான். இன்று பலரும் மேற்கோள் காட்டும் அந்த அறிவிப்புக்கு அடியில் இருந்தது தத்துவ விளக்கம் மட்டுமல்ல; யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்தப் பதவி உயர்வு என்ற பட்டியலும்தான்.

பட்டியலைச் சொல்லிவிட்டு அவர் தொழிற்சங்கத்தை விட்டு ஒதுங்கவில்லை. 1936இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரே சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக, தாம் கடுமையாக விமர்சித்து வந்த கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினரானதும் அரசிடம் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி இளைஞர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி வேண்டும், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் அவர்களைப் பயிற்சியாளர்களாக எடுக்க வேண்டும் என்று கேட்டார். 1943இல் தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயமாக அங்கீகரிக்க வேண்டும் என்னும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஒரு கையில் தொழில்நுட்பப் பயிற்சி, மறு கையில் சங்க அங்கீகாரம். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் கேட்டார் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

குலத்தொழிலும் தொழிற்கல்வியும்

தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் நம் இயக்கத்தவர்களுக்கு ஐயம் வருவது இயல்பு. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவுக்கு வரும். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள் என்றது அந்தத் திட்டம். தந்தை பெரியார் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டி மக்களைத் திரட்டினார். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. சிரைப்பவர் மகன் சிரைக்கவும் வெளுப்பவர் மகன் வெளுக்கவும் அரசே ஏற்பாடு செய்யும் கொடுமையைத் தமிழ்நாடு அன்று முறியடித்தது.

குலத்தொழில் வேறு, தொழிற்கல்வி வேறு என்பதை அந்தப் போராட்டமே தெளிவாக்கியது. குலத்தொழிலில் ஆசிரியர் தகப்பன், சான்றிதழ் பிறப்பு, கூலி ஊர் பார்த்துக் கொடுப்பது, வெளியேற வழி இல்லை. தொழிற்கல்வியில் யாரும் எதையும் கற்கலாம். கற்றதை அளக்க முடியும். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போக முடியும். வெல்டிங் கற்றவரிடம் உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்க எந்த முகாந்திரமும் இல்லை. குலத்தொழில் சாதியைக் காக்கிறது. தொழிற்கல்வி, முறையாக நடந்தால், சாதிக்கும் தொழிலுக்குமான முடிச்சை அவிழ்க்கிறது.

இந்த வேறுபாட்டை மறுபடியும் அழிக்கும் முயற்சி ஒன்றிய அரசிடமிருந்து வந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்ப வழித் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயிற்சியும் கடனும் தருகிறது. சேரக் குறைந்தபட்ச வயது 18. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில், உன் குடும்பத் தொழிலுக்குக் கடன் இருக்கிறது வா என்று அழைப்பதன் பொருள் என்ன? தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சரியான எதிர்வினைதான். ஆனால் குலக்கல்வியை மறுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்கு மாற்றாக எந்தத் தொழிற்கல்வி, அதைக் கற்று வருபவரின் கதி என்ன என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் தோழர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். "தலைமுறை தலைமுறையாக உடலுழைப்பில் கிடந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளை ஐ.டி.ஐ.க்கு அனுப்பு என்கிறீர்களே, அவர்கள் வழக்கறிஞராகவும் பேராசிரியராகவும் ஆக வேண்டாமா?" ஆக வேண்டும். அம்பேத்கரின் கோரிக்கையிலேயே உயர்கல்வியும் இருந்தது, தொழில்நுட்பப் பயிற்சியும் இருந்தது. தொழிற்கல்வி நம் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு ஆகக் கூடாது. ஆனால் இன்று பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் நின்று, கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகும் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு நம்மிடம் என்ன திட்டம் இருக்கிறது? பட்டம் வாங்கியவர்களின் வெற்றியை மட்டும் கொண்டாடும் இயக்கம், வாங்காதவர்களை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தந்த பாடம்

இதே கேள்வியை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நூறாண்டுக்கு முன்பே எதிர்கொண்டார்கள். புக்கர் வாஷிங்டன் 1881இல் டஸ்கிகீயில் தொழிற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். செங்கல் அறுக்க, தச்சு செய்ய, பயிர் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், பொருளாதாரத்தில் காலூன்றுங்கள், அரசியல் உரிமை பின்னால் வரும் என்பது அவர் வழி. டு பாய்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இல்லாமல் கையில் தொழில் மட்டும் இருந்தால் அந்தத் தொழிலைக்கூடக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்றார்.

நடப்பு டு பாய்ஸ் பக்கம் நின்றது. தொழில் கற்று வந்த கறுப்பினத் தொழிலாளியின் முகத்தில் கதவைச் சாத்தியதில் வெள்ளைத் தொழிலாளர்களின் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. இயந்திரத் தொழிலாளர்களின் பெரிய சங்கம் ஒன்று 1948 வரை வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் என்ற விதியைக் கைவிடவில்லை. திறமை இருந்தது, சங்கம் இல்லை. ஆகவே திறமைக்குரிய கூலியும் இல்லை. இந்த முட்டுச்சந்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் பிலிப் ராண்டால்ஃப். 1925இல் புல்மன் ரயில் பெட்டிகளின் கறுப்பினப் பணியாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1937இல் புல்மன் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்தச் சங்கத்தின் காசும் ஆளும் அமைப்பும்தான் பிறகு வந்த குடியுரிமைப் போராட்டங்களுக்கு முதுகெலும்பாயின. 1963 வாஷிங்டன் பேரணியை முன்னின்று நடத்தியவரும் அதே ராண்டால்ஃப்தான்.

நம் மண்ணில் நடந்தவை

சங்கம் சேரியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பெரம்பூரில் பிறந்தது. மூன்றே ஆண்டில், 1921இல், பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தத்தில் அது சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, இரு பக்கமும் உயிர்கள் போயின, போலீஸ் சுட்டது. வேலைநிறுத்தமும் தோற்றது. ஆதிதிராவிடர்களைக் கருங்காலிகள் என்று திட்டி முடித்துவிடும் வரலாறு ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. கையிருப்பு இல்லாத, கடன் கொடுக்க ஆளில்லாத, ஆலைக்கு வெளியே ஊரில் வேறு எந்த வேலைக்கும் சேர்க்கப்படாத ஒரு சேரித் தொழிலாளி எத்தனை வாரம் பட்டினி கிடக்க முடியும்? அவரைத் தாங்கிப் பிடிக்கச் சங்கம் என்ன ஏற்பாடு செய்திருந்தது? வேலைநிறுத்த நாளில் ஒன்றாக நில் என்று கேட்பவர், வேலை நடக்கும் நாளிலும் ஒன்றாக நின்றிருக்க வேண்டும்.

மறுபக்கம் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவில் 44 தாழ்த்தப்பட்ட மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூலியாகக் கூடுதல் நெல். நிலவுடைமையாளர்களுக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்த நெல் மட்டுமல்ல. சேரிக்காரர்கள் சங்கம் வைத்துக்கொண்டு, கொடியேற்றி, நிமிர்ந்து நின்று கேட்டதும்தான். ஒடுக்கப்பட்டவர் சங்கமாவதை ஆதிக்கம் எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மாதச் சம்பளமும் சங்க அட்டையும் உள்ள ஒருவரிடம் சாவு மேளம் அடிக்க வா என்று ஊர் அதிகாரம் செய்ய முடியாது. ஊர்விலக்கம் என்ற ஆயுதம், ஊரை நம்பிப் பிழைக்கும் வரைதான் வெட்டும். பொருளாதார வலிமை என்று நாம் சொல்வது வங்கிக் கணக்கை மட்டும் அல்ல. முடியாது என்று சொல்லும் துணிவை அது தருகிறது.

இன்றைய நிலைமை

ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனின் வழியைப் பின்தொடர்வோம். சான்றிதழோடு வருகிறான். முதலில் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பயிற்சியாளர் தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது. அதே இயந்திரம், அதே உற்பத்தி, கிடைப்பது உதவித்தொகை. அது முடிந்ததும் வேறொரு பெயரில் பயிற்சி, அதன் பிறகு ஒப்பந்தக்காரர் மூலம் வேலை, அதன் பிறகு இன்னொரு ஆலையில் முதலிலிருந்து. இளமை முழுவதும் பயிற்சியிலேயே கழிகிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு வேண்டும் என்று 1973இல் அதே சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் தனியார் ஆலையில் பயிற்சி முடிந்த பின் வரும் நிரந்தர வேலையில் ஒதுக்கீடு இல்லை. வாசல் வரை சட்டம் வருகிறது, வாசலில் நின்றுவிடுகிறது.

இந்தப் பையனுக்குச் சங்கம் இருக்கிறதா? பெரும்பாலான ஆலைச் சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கங்கள். ஊதிய ஒப்பந்தம் அவர்களுக்கு, போனஸ் பேச்சு அவர்களுக்கு. நிரந்தரத் தொழிலாளர்களே சங்கம் வைக்கப் படும் பாட்டை 2024இல் திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் பார்த்தோம். 37 நாள் வேலைநிறுத்தம், கைதுகள், உயர்நீதிமன்ற வழக்கு, இவ்வளவுக்கும் பிறகு 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எந்தத் தொழிலகத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 300 பேருக்குக் குறைவான ஆலைகளில் நிலையாணைகள் கட்டாயமில்லை. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதியும் தேவையில்லை. இந்த வரம்பு முன்பு 100 ஆக இருந்தது. நம் மக்கள் அதிகம் வேலை செய்வது எந்த ஆலைகளில்? பெரும்பாலும் இந்த 300க்குள் அடங்கும் சிறிய ஆலைகளில்தான்.

இனி, தொழில் என்றே ஒப்புக்கொள்ளப்படாத தொழிலுக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்தார்கள். 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கி வந்தோம், தனியார் நிறுவனத்தில் 17,000கூட வராது என்பது அவர்கள் முறையீடு. நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. 1918இன் சங்கத்தை வளர்த்து, 1921 வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய திரு.வி.க.வின் பெயர் தாங்கிய மண்டலத்தின் பணியாளர்களுக்கும் இது நடந்தது. அந்த நகரத்தின் நலவாழ்வை நாள்தோறும் காக்கும் வேலையை யாரும் திறன் வேலை என்று கணக்கில் சேர்ப்பதில்லை. குப்பையைத் தரம் பிரிப்பதற்கும், நச்சுக் கழிவை இனங்காண்பதற்கும், இயந்திரத்தை இயக்குவதற்கும் அறிவு வேண்டாமா? வேண்டும். ஆனால் அந்த வேலையைச் செய்பவரின் சாதியைப் பார்த்து, வேலையே திறனற்றது என்று முடிவு கட்டப்படுகிறது. கூலி அந்த முடிவைப் பின்தொடர்கிறது.

என்ன செய்ய வேண்டும்

சாதியைப் பேசினால் வர்க்க ஒற்றுமை குலையும் என்னும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பம்பாய் ஆலையில் ஒற்றுமையைக் குலைத்தது நெசவுப் பிரிவின் பூட்டு. அதைச் சுட்டிக்காட்டிய அம்பேத்கர் அல்லர். பூட்டைத் திறக்கும் பொறுப்பு சங்கத்துக்கு இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் தன் ஆலையில் எந்தப் பிரிவில், எந்தப் பதவியில், எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். தன் சொந்த நிர்வாகக் குழுவிலும் அதே கணக்கை எடுக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளியையும் பயிற்சியாளரையும் உறுப்பினராகச் சேர்க்கும்படி தன் விதிகளைத் திருத்தட்டும். கழிவறை கழுவுபவரின் கோரிக்கை ஊதிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்திலாவது இடம்பெறாத சங்கத்தைத் தொழிலாளர் சங்கம் என்று எப்படிச் சொல்வது?

அரசிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. பயிற்சி என்ற பெயரில் உற்பத்தி வேலை வாங்குவதற்கு வரம்பு வேண்டும். முழு உற்பத்தி வேலை செய்பவருக்குத் தொழிலாளியின் கூலியும் உரிமையும் வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை ஆலையின் நிரந்தரப் பணியிடங்களிலிருந்து தொடங்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து ஐ.டி.ஐ. விடுதிகளுக்கும் புதிய இயந்திரங்களுக்கும் எவ்வளவு போகிறது என்று மாவட்டம்தோறும் கேட்க வேண்டும். தூய்மைப் பணியாளருக்கு இயந்திரம் கொடுத்தால் மட்டும் போதாது. துடைப்பம் போய் இயந்திரம் வந்தாலும் அதைப் பிடிக்கும் கை அதே தெருவிலிருந்தே வருமானால் சாதி இயந்திரமயமாகியிருக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அரசுப் பணியும் உரிய கூலியும், அவர் பிள்ளைகளுக்கு வேறு எந்தத் தொழிலுக்கும் போகும் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. நம் இரவுப் பாடசாலைகளும் படிப்பகங்களும் போட்டித் தேர்வோடு நிற்கின்றன. அங்கேயே ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஒரு மாலை ஒதுக்குவோம். சம்பளச் சீட்டைப் படிக்கச் சொல்லித் தருவோம். வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா என்று பார்க்க, ஈ.எஸ்.ஐ. அட்டை கேட்க, பணி நியமன ஆணை இல்லாமல் வேலையில் சேராதிருக்க, சங்கத்தைப் பதிவு செய்யப் பயிற்சி தருவோம். இதைக் கற்பிக்க ஓய்வு பெற்ற தொழிற்சங்கத் தோழர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சேரிக்கு வரட்டும். சேரி அவர்களிடம் பம்பாயையும் மன்மாடையும் புளியந்தோப்பையும் பேசட்டும்.

கையில் தொழில் இல்லாதவரைச் சாதி தன் பழைய வேலைக்கே இழுத்துப்போகும். தொழில் இருந்தும் சங்கம் இல்லாதவரை ஒப்பந்தக்காரர் தின்பார். சங்கம் இருந்தும் சாதியை எதிர்க்காவிட்டால் அந்தச் சங்கமே இன்னோர் ஊர்த் தெருவாகிவிடும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்பதுதான் அம்பேத்கர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன தொழிலாளர் அரசியல். வரும் மே நாளுக்குள் உங்கள் ஆலையில், உங்கள் நகராட்சியில், உங்கள் தெருவில் அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்குங்கள், தோழர்களே.